இரண்டு மில்லிமீட்டர்

வயலும் வரப்புமாக இருந்து, 1997ஆம் ஆண்டில் புணே மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 23 கிராமங்களுள் ஒன்றாகி, இன்று பல மாடிக் கட்டடங்களுக்கு நடுவே கிராமத்தின் பெயரை மாத்திரம் காப்பாற்றிக்கொண்டிருக்கும் பாணேரில், கட்டடமின்றி எஞ்சியிருப்பது துகாய் தேவி கோயில் கொண்டிருக்கும் குன்றும் பாஷாண் பக்கத்துச் சரிவுகளுமே என்பதால், குன்று எங்கே முடிகிறது, வீடு கட்டத் தகுந்த நிலம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி இங்கே பூகோளப் பாடத்தை விட்டுச் சொத்து விவகாரத்துக்குள் பிரவேசித்து வெகு காலமாகிறது. குன்றை இவ்வூரார் ‘டேக்டி’ என்பார்கள். வேதாள் டேக்டியை ஊடறுத்துச் சாலை போடும் யோசனையை எதிர்த்து 2023இல் புணே மக்கள் திரண்டு நடந்ததிலிருந்து, இந்த மேடுகளின் மீது நகரத்துக்கு எத்தகைய பிரியம் என்பது வெளியூராருக்கும் விளங்கியிருக்கும்.

பிரியம் மாத்திரம் குன்றைக் காப்பாற்றாது. அதற்குக் கணக்கு வேண்டும். ஐந்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏறுகிற அளவுக்குச் செங்குத்தான சரிவில் கட்டடம் எழும்பலாகாது என்பது மகாராஷ்டிரத்தின் கட்டுமான விதி. இந்திய நில அளவைத் துறையின் தாள்களிலே பாணேர் அடங்கியது 47 எஃப்/14 என்ற எண்ணுள்ள தாள். 1:50,000 என்ற அளவில், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 50 மீட்டர் வீதம் வரையப்பட்டது. இவ்வகைத் தாள்களில் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாகப் பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகள் ஓடும். ஆகையால், விதி குறிப்பிடும் சரிவில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே தரையில் 100 மீட்டரும் தாளில் 2 மில்லிமீட்டருமே இருக்கும். கோடுகள் அதைவிட நெருங்கினால் மனை இல்லை, விலகினால் மனை உண்டு என்று கோடிக்கணக்கான ரூபாயின் தலைவிதி பென்சில் முனையின் பருமனில் தொங்குகிறது.

இவ்வளவு நுணுக்கமான ஒரு பத்திரம் சாமானியன் கைக்கு எந்த ரூபத்தில் வந்து சேர்கிறது என்பதுதான் எனது விசாரம். ஓர் அலுவலகத்தில் குன்றின் படத்தை விண்ணப்பித்துப் பெற்றபோது வந்தது, பழைய அச்சுத்தாள் ஒன்றை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிய கோப்பு. திரையில் முழுத்தாளாகப் பார்க்கையில் அது அழகாகவே இருந்தது. பெரிதாக்கிக்கொண்டே போனபோதோ பழுப்புக் கோடு வண்ணக் கட்டங்களாகச் சிதறி, தாளை மடித்த இடத்துத் தழும்பும் கோயில் என்று குறித்த எழுத்தும் அக்கோட்டோடு ஒன்றாகக் கலந்துபோயின. கணினிக்கு அங்கே உயரமும் தெரியாது, தழும்பும் தெரியாது. இந்தப் புள்ளி பழுப்பு, அந்தப் புள்ளி வெள்ளை என்பதற்கு மேல் அக்கோப்பில் யாதொரு செய்தியும் இல்லை. சரிவை அளக்க வேண்டியவன், ஓரத்திலே அச்சிட்ட அட்சரேகை தீர்க்கரேகை எண்களைப் படித்து நான்கு மூலைகளையும் தானே கணினிக்குச் சொல்லிக்கொடுத்து, பிறகு கோடு கோடாகச் சுட்டியால் தடவி வரைந்து, ஒவ்வொன்றின் மீதும் உயரத்தை எழுதி முடிப்பதற்குள் மேல்முறையீட்டுக்குரிய கெடு முடிந்துவிடக்கூடும்.

நான்கு மூலைகளைச் சொல்லிக்கொடுப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. அது நம் சென்னையிலிருந்து தொடங்குகிற சரித்திரம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலையருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தெற்கே கொண்டுபோய், 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து அது சுவரில் மோதி உருக்குலைய, வாரக்கணக்கில் உட்கார்ந்து தம் கையாலேயே அதைச் செப்பனிட்டு மேற்கொண்டு அளந்தவர். 1823இல் இதே மகாராஷ்டிரத்தின் ஹிங்கண்காட்டில் காலமானார். அவரும் அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்டும் அளந்த வில்லைக் கொண்டு, 1830இல் பூமியின் உருவத்துக்கு ஒரு பிரமாணம் வகுக்கப்பட்டது. இந்தியாவின் பழைய தாள்கள் அனைத்தும் அந்தப் பிரமாணத்தில் நிற்பவை. நம் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸோ டபிள்யூஜிஎஸ்-84 என்ற வேறொரு பிரமாணத்தில் பேசுவது. இரண்டுக்கும் இடையே மாற்றுக் கணக்குப் போடாமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால், புணே வட்டாரத்தில் ஏறத்தாழ 100 மீட்டர் பிசகும். அதாவது தாளில் அதே 2 மில்லிமீட்டர். அட்சரேகை எண்ணைச் சரியாகவே தட்டச்சு செய்தவனுக்கும், குன்றின் முகடு அவனறியாமல் அடுத்த சரிவுக்கு இடம் மாறியிருக்கும். எந்தப் பிரமாணம் என்ற ஒரு வரிக் குறிப்பு கோப்போடு வராவிட்டால், மற்ற எல்லாத் துல்லியமும் வீண்.

அந்தக் குறிப்பைச் சுமந்து வருவதில்தான் கோப்பு வடிவங்களுக்குள் தாரதம்மியம் தெரிகிறது. ஸ்கேன் செய்த படத்தின் உள்ளேயே இன்ன மூலை பூமியில் இன்ன இடம், இன்ன பிரமாணம் என்று பதித்துவைப்பது ஜியோடிஃப். அதில் நிறத்துக்குப் பதிலாக ஒவ்வொரு புள்ளிக்கும் உயரத்தையே எண்ணாக வைக்கவும் கூடும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ராடார் கொண்டு அளந்த உயரங்கள், 30 மீட்டருக்கு ஓர் எண்ணாக, இன்று எவருக்கும் இலவசமாய் இப்படிக் கிடைக்கின்றன. ஆனால் நமது 100 மீட்டர்ச் சரிவுக்கு அதில் மூன்றே எண்கள்தாம் தேறும் என்பதோடு, மரத்தின் உச்சியையும் மாடியின் உச்சியையும் தரையென்று நம்பும் பேதைமையும் அந்த ராடாருக்கு உண்டாகையால், பாணேர் வழக்குக்கு அது சாட்சி சொல்லப் போதாது. பிடிஎஃப்பிலும் இடக்குறிப்பைப் பதிக்க வழியுண்டு. அமெரிக்க நில ஆய்வுத் துறை 2009 முதல் தன் தாள்களை அவ்விதமே இலவசமாக வெளியிட்டு வருகிறது. நடைப்பயணிகளுக்கு அது போதும். கோடுகளைப் பிரித்தெடுத்துக் கணக்கிட வேண்டியவனுக்குப் போதாது.

கோடுகளைக் கோடுகளாகவே தருவதில் கச்சேரிகள் முப்பது ஆண்டுகளாக உபயோகித்து வருவது ஷேப்ஃபைல். பெயர் ஒருமையில் இருந்தாலும் அது ஒரு கூட்டுக்குடும்பம்: வடிவத்துக்கு ஒரு கோப்பு, அட்டவணைக்கு ஒன்று, இவற்றைப் பொருத்தும் சுட்டிக்கு ஒன்று, பிரமாணத்துக்கு ஒன்று என்று ஒரே பெயரில் நாலைந்து உருப்படிகள் சேர்ந்து வந்தால்தான் வேலை சரியாக ஓடும். மின்னஞ்சலில் அனுப்புகிறவர் வழக்கமாக விட்டுவிடுவது அந்தப் பிரமாணக் கோப்பைத்தான்; விட்டாலும் படம் திறந்துகொள்ளும் என்பதால் பெறுகிறவருக்குச் சந்தேகமும் எழுவதில்லை. இதில் அட்டவணைத் தலைப்புக்கு இடம் 10 பைட் மாத்திரமே. தமிழில் ‘உயரம்’ என்று எழுதினால், உ, ய, ர, ம, புள்ளி என ஐந்து குறிகள், யுனிகோடில் குறிக்கு 3 பைட் வீதம் 15 ஆகிவிட, நம் சொல் உள்ளே நுழைவதற்கில்லை. மராத்தியின் ‘உஞ்சி’யும் 12 பைட் ஆகி வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆங்கிலச் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டு காலந்தள்ளுகிறோம்.

சஹ்யாத்ரியில் கோட்டை கோட்டையாக ஏறும் புணே இளைஞர்கள் தங்களுக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வது ஜிபிஎக்ஸும் கேஎம்எல்லும். வழித்தடத்துக்கு இவை நேர்த்தியானவை. பெயரையும் இடத்தையும் எழுத்தாகவே திறந்து படிக்கலாம். கேஎம்எல்லில் தீர்க்கரேகையை முன்னும் அட்சரேகையைப் பின்னும் எழுதுவது சம்பிரதாயம். வாயால் சொல்லும் வழக்கத்தில் அட்சரேகையை முதலில் எழுதிவிட்டாலோ, 18.5 பாகையும் 73.8 பாகையும் இடம் மாறி, பாணேர் நார்வேக்கு வடக்கே கரடித்தீவின் தெற்கே குளிர்க்கடலில் போய் மிதக்கும். இப்பேர்ப்பட்ட பெரிய பிசகு அபாயமற்றது, பார்த்தவுடன் சிரித்துத் திருத்திவிடலாம்; 100 மீட்டர்ப் பிசகைக் கண்டு சிரிப்பார் இல்லை.

2014இல் தரமாக ஏற்கப்பட்ட ஜியோபேக்கேஜ் இந்தச் சங்கடங்களில் பெரும்பாலானவற்றைத் தீர்த்திருக்கிறது: ஒரே கோப்பு, பிரமாணம் உள்ளேயே, தலைப்புகள் எந்த மொழியிலும், திறப்பதற்குக் காசில்லாத மென்பொருள். என் அபிப்பிராயத்தில், சமவுயரக் கோடுகளைப் பொதுமக்களுக்கு வழங்க இன்று இதைவிடத் தகுந்த பாத்திரம் இல்லை. ஆனால் சர்க்காரின் பழக்கங்கள் மென்பொருளைப் போல் பதிப்புக்குப் பதிப்பு மாறுவன அல்ல. கடற்கரையையும் எல்லையையும் ஒட்டி ஏறக்குறைய 80 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாள்களையே வெளியிடாது பூட்டிவைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. சென்னைவாசி அன்று தன் ஊரின் தாளைக் கடையில் வாங்க முடிந்ததில்லை. 2005ஆம் ஆண்டின் தேசப்படக் கொள்கை, ராணுவத்துக்கு ஒரு வரிசை, மக்களுக்கு ஒரு திறந்த வரிசை என்று பிரித்து, திறந்த வரிசையை டபிள்யூஜிஎஸ்-84இல் நிறுத்தியது. 2017இல் நில அளவைத் துறை தன் 250ஆம் ஆண்டை ஒட்டி அத்தாள்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கொடுத்தது. 2021இன் வழிகாட்டு நெறிகளும் 2022இன் தேசியப் புவியிடக் கொள்கையும் கதவை இன்னும் அகலத் திறந்தன. இத்தனைக்கும் நன்றி பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் இலவசமாய் வந்தது பிடிஎஃப். பார்க்கலாம், அச்சிடலாம், சட்டமிட்டு மாட்டலாம். கேள்வி கேட்பதற்கு அதைக் கொண்டு கணக்கிட முடியாது. அந்தத் தாள்களை உண்டாக்கிய கோடுகள் துறையின் கணினியில் எண்களாகவே இருக்கின்றன என்கிறபோது, எண்ணைச் சித்திரமாக்கிக் கொடுத்துவிட்டு அதைத் திறந்த கொள்கை என்பது பாதி உண்மை. இரகசியம் கெடும் என்ற சமாதானமும் செல்லாது. சித்திரத்தில் தெரியாத எந்த உயரமும் கோட்டில் புதிதாகத் தெரிந்துவிடப் போவதில்லை.

வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மின்னணு வடிவில் தகவல் பெறும் உரிமையையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. அதன் 7(9)ஆம் பிரிவு, அலுவலகத்தின் சக்தி அளவுக்கு மிஞ்சி விரயமாகாத வரையிலும், ஆவணத்தின் பத்திரத்துக்குக் கேடு வராத வரையிலும், கேட்ட வடிவிலேயே கொடுப்பதுதான் வழக்கமாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் ஊர் ஏரிக்கோ குன்றுக்கோ படம் கேட்டு மனு எழுதும்போது, ‘வரைபடம் தேவை’ என்று நிறுத்திவிடாமல், ‘சமவுயரக் கோடுகள் உயர எண்களோடு, ஜியோபேக்கேஜாகவோ பிரமாணக் கோப்பு உட்பட்ட ஷேப்ஃபைலாகவோ, குறுந்தகட்டில் தேவை’ என்று எழுதுங்கள். மத்திய அலுவலகங்களுக்கு மனுக்கட்டணம் அதே 10 ரூபாய்தான்.