ஓவியம் பழகும் பிள்ளைக்கு இணையம் எதைத் தர வேண்டும்?

பள்ளி விடுமுறை நெருங்கும் போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் எந்நேரமும் படம் வரைந்துகொண்டே இருக்கிறான், டீச்சர். இணையத்தில் எதைப் பார்க்கச் சொல்லலாம்?"

நியாயமான கேள்வி. ஓவிய வகுப்புகள் பெரும்பாலும் நகரங்களில்தாம் நடக்கின்றன. கட்டணமும் எல்லாருக்கும் கட்டுப்படியாவதில்லை. ஆகவே, பல பிள்ளைகளுக்கு இணையமே ஓவிய ஆசானாகிவிட்டது. அந்த ஆசானை யார் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இன்றைய சிக்கல். பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால், தேர்வை யூடியூப் செய்துவிடுகிறது.

என் கருத்து இதுதான்: வரைய விரும்பும் பிள்ளைக்கு நாம் தேடித் தர வேண்டியவை அப்படியே பார்த்து வரைவதற்கான படங்கள் அல்ல. உற்று நோக்கக் கற்றுக்கொடுக்கும் மூலங்களே தேவை.

படிப்படியாக வரைந்து காட்டும் காணொளிகளை நான் முற்றாக ஒதுக்கவில்லை. 'ஆர்ட் ஃபார் கிட்ஸ் ஹப்' போன்றவற்றில் ஒரு தந்தை தம் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு வரைகிறார். பென்சிலைத் தொடவே தயங்கும் பிள்ளைக்கு அது நல்ல தொடக்கம். ஆனால், அங்கேயே நின்றுவிட்டால் பிள்ளை ஐம்பது கேலிச்சித்திரங்களை மனனம் செய்திருக்குமே தவிர, வரையக் கற்றிருக்காது.

இதை வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். செம்பருத்தி 1960ஆம் ஆண்டு முதல் நம் தேசிய மலர். பள்ளி வேலியோரமும் பூத்துக் கிடக்கிறது. அதை நினைவிலிருந்து வரையுமாறு நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கூறினேன். பெரும்பாலோர் நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் உருண்டை இதழ்களும் வரைந்தனர். பிறகு, பூவையே மேசையில் வைத்தேன். இதழ்கள் ஐந்து, ஒன்றின் ஓரம் மற்றொன்றின்மீது படிந்திருக்கிறது, நடுவிலிருந்து நீண்ட தண்டு ஒன்று வெளியே வந்து, நுனியில் ஐந்தாகப் பிரிகிறது. இவற்றை எண்ணிப் பார்த்தபின் வரைந்த படங்கள் முற்றிலும் வேறாக இருந்தன. கை மாறவில்லை, கண் மாறியது.

நம் நாட்டின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக் கலைஞர் லாட்டின் முதல் படக்கதை நூல் 1964இல், அவருடைய பதின்மூன்றாம் வயதில் வெளிவந்தது. அப்போது இணையம் ஏது? 1979இல் அவர் வெளியிட்ட 'கம்போங் பாய்' நூலைப் புரட்டினால், பேராக் மாநிலக் கம்பத்து வாழ்க்கையை அவர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பது விளங்கும். அந்தப் பார்வையைப் பழக்கும் மூலங்கள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் பரிந்துரைப்பவை இவை:

1. அருங்காட்சியகங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகம் 2017இல் 3 இலட்சத்து 75 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. சோழர் காலத்துப் பார்வதி செப்புத் திருமேனி ஒன்றும் அங்குள்ளது. இடையின் வளைவையும் கைவிரல்களின் நளினத்தையும் நம் பிள்ளைகள் திரையில் பெரிதாக்கிப் பார்த்து வரையலாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், ரெம்பிராண்ட் 1642இல் தீட்டிய 'இரவுக் காவல்' ஓவியத்தை 71,700 கோடி படப்புள்ளிகள் கொண்ட ஒளிப்படமாக 2022இல் வெளியிட்டது. தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே வழுக்கியது என்பதைக்கூட அதில் காணலாம்.

2. இயற்கை நூலகம். 'பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி' என்ற தளத்தில் பழைய தாவரவியல், விலங்கியல் நூல்களின் படங்கள் குவிந்து கிடக்கின்றன. ஓர் இலையின் நரம்பையும் ஒரு பறவையின் இறகையும் அக்கால ஓவியர்கள் எப்படிக் கோட்டில் கொண்டுவந்தார்கள் என்று பார்க்கலாம். அறிவியல் பாடத்திற்கும் இவை உதவும்.

3. முறையான பயிற்சி. 'டிரா அ பாக்ஸ்' தளத்தின் பாடங்கள் கோட்டில் தொடங்கி, பெட்டி, செடி, பூச்சி, விலங்கு எனப் படிப்படியாக உயர்கின்றன. 250 பெட்டிகளை வரையச் சொல்லும் பயிற்சியும் உண்டு! பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதாலும் பொறுமையைச் சோதிப்பதாலும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கே அது பொருந்தும். ஆசிரியர்கள் தாமே பயின்று, எளிமையாக்கி வகுப்பில் தரலாம். வரையும் நேரத்தில் பாதியை வெறும் மகிழ்ச்சிக்காக வரைவதற்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது அத்தளத்தின் விதி. பிள்ளையைக் கசக்கிப் பிழியும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

4. கதைப்படங்கள். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் படக்கதை நூல்கள் தமிழிலும் உள்ளன. ஒரே கதைக்கு ஓவியர் எதை வரைந்தார், எதை வரையாமல் விட்டார் என்று கேளுங்கள். மொழிப்பாடமும் ஓவியமும் ஒருங்கே நடக்கும்.

5. மென்பொருள். கணினியில் வரைய விரும்புவோருக்குக் 'கிரித்தா' போதும். அது கட்டணமற்ற, திறந்த மூல மென்பொருள். ஆயினும், தொடக்கப்பள்ளி வயதில் பென்சிலும் வரைதாளுமே முதலில் வரட்டும்.

எச்சரிக்கைகளும் சில உள. பின்ட்ரெஸ்ட், டீவியன்ட்ஆர்ட் ஆகியவற்றில் கணக்குத் தொடங்கப் பதின்மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும். மனித உடலமைப்பைக் கற்பிக்கும் தளங்கள் சிலவற்றில் ஆடையற்ற படங்கள் உண்டு. கலைக்கல்லூரியில் அது முறை, நம் பிள்ளைகளுக்கு இப்போது தேவையில்லை. பெற்றோர் முதலில் தாமே பார்த்துவிட்டுத் திறந்து கொடுப்பது நலம். பிறர் படத்தைப் பார்த்து வரைந்தால், 'இன்னாருடைய படத்தைப் பார்த்து வரைந்தது' என்று கீழே எழுதப் பழக்குங்கள். நேர்மை சிறு வயதிலேயே ஊன்ற வேண்டிய விதை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022க்குப் பின் ஒரு வரியைத் தட்டினால் ஓர் ஓவியம் வந்து விழுகிறது. பெரியவர்கள் அதை எதற்கும் பயன்படுத்திக்கொள்ளட்டும். வரையப் பழகும் பிள்ளைக்கு அதனால் கண்ணுக்கும் பயிற்சியில்லை, கைக்கும் பயிற்சியில்லை. ஓவியப் போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: முடிந்த படத்தோடு முதலில் கிறுக்கிப் பார்த்த தாள்களையும் கேளுங்கள், இயன்றால் மண்டபத்திலேயே வரையச் செய்யுங்கள். இல்லையேல், உண்மையாக உழைத்த பிள்ளை தோற்று, பென்சிலைக் கீழே வைத்துவிடும்.

"வரைந்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்கும் பெற்றோரும் உளர். 2007இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' தொடரை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். அதில் வரும் ராஜுவையும் முத்து அங்கிளையும் யாரோ ஒருவர் முதலில் கோட்டில் வரைந்துதானே உருவாக்கியிருக்க வேண்டும்? நாளை அந்த மேசையில் அமரும் தகுதி நம் பிள்ளைக்கும் உண்டு. எல்லாரும் ஓவியராக வேண்டியதில்லை. ஆனால், எழுத்திலும் கணக்கிலும் பின்தங்கிய பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கும் ஓரிடம் வரைதாளாக இருக்குமானால், அதையும் பறித்துவிடுவது தகுமா?

இவ்விடுமுறையில் நாள்தோறும் ஓர் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பத்து நிமிடம் திரையில் ஒரே ஒரு படத்தைப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு, வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு பொருளை இருபது நிமிடம் பார்த்து வரையச் சொல்லுங்கள். படம் அழகாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். "இன்று புதிதாக என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள்.