முதலில் நிற்கக் கற்க

விரைவை விரும்புதல் மனித இயல்பு. வாலிபப் பருவத்தில் அவ்விருப்பம் இருமடங்காகிறது என்பதை யாவரும் அறிவர். அவ்விருப்பத்திற்கு ஐக்கிய அமெரிக்க நாட்டில் வாய்த்ததொரு வடிகால் டிராக் பந்தயம் எனப்படுவது. இரண்டு மோட்டார் வண்டிகள் நேரான தடமொன்றில் அருகருகே நின்று, விளக்கு அடையாளம் கண்டதும் புறப்பட்டு, கால் மைல், அதாவது 1,320 அடித் தொலைவை எது முந்திக் கடக்கிறதென்று பார்ப்பதே அப்பந்தயம். 1951ஆம் ஆண்டில் வாலி பார்க்ஸ் என்பவர் இதற்கென ஒரு தேசியச் சங்கத்தை நிறுவினார். தெருக்களிலே வண்டிகளை வெறிகொண்டு ஓட்டிய இளைஞரைத் தனித் தடத்திற்கு அழைத்து, அவர்களுக்கு ஒழுங்கும் பாதுகாப்பும் கற்பிப்பது அவர் நோக்கங்களுள் ஒன்று.

இப்பந்தயத்திற்கென்று பழைய சிறு வண்டிகளை மாற்றியமைப்போர் அந்நாட்டில் இன்றும் பலர். அவர்கள் செய்யும் வேலையின் வரிசையைப் பற்றியே ஈண்டு என் அபிப்பிராயத்தைக் கூற விழைகிறேன். உதாரணமாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஃபோர்டு கம்பெனியார் 1959ஆம் ஆண்டின் இறுதியில் ஃபால்கன் என்னும் சிக்கன வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதற்குப் போட்டியாக ஷெவ்ரலே கம்பெனியார் 1962ஆம் ஆண்டு மாதிரியாக ஷெவி டூ என்னும் வண்டியை வெளியிட்டனர். அதன் சிறிய இயந்திரம் நான்கு சிலிண்டர்களும் 153 கன அங்குல அளவும் 90 குதிரைச் சக்தியும் உடையது. குடும்பத்தார் கடைவீதிக்குச் சென்று திரும்புவதற்கும், பெட்ரோல் செலவு குறைவதற்குமே அது பிறந்தது. ஆயினும் அதன் எடை சுமார் 2,500 ராத்தலே. எடை குறைந்த உடலில் வலிய இயந்திரத்தை வைத்தால் விளைவு யாதென்பதை எவரும் ஊகிக்கலாம். 1966ஆம் ஆண்டில் பில் ஜென்கின்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓட்டுநர் 327 கன அங்குலமும் 350 குதிரைச் சக்தியும் கொண்ட இயந்திரம் பொருந்திய ஷெவி டூ ஒன்றைத் தடத்தில் ஓட்டிக் கண்டோரை வியக்கச் செய்தார். அன்று தொட்டு அவ்வண்டி பந்தயப் பிரியர்களின் கண்மணியாயிற்று.

நிற்க. அத்தகைய வண்டியொன்றை வாங்கிய வாலிபன் முதலில் செய்வது யாது? பெரும்பாலும் இயந்திரத்தை மாற்றுவதே. அதன் முழக்கம் செவிக்கு இனிது; நண்பர்க்குக் காட்டுதற்கும் ஏற்றது. பிரேக்கையோ அச்சையோ காட்டி மெச்சுதல் பெறுவார் எவருமிலர். எனினும் இவ்வரிசை தலைகீழானது என்பதே என் துணிபு. இயந்திரம் கடைசியில் வரவேண்டும். நிறுத்தும் உறுப்புகளும் தாங்கும் உறுப்புகளும் முன்னே வரவேண்டும்.

காரணம் கூறுவேன். ஷெவி டூ வண்டியின் பின்னச்சை ஒவ்வொரு புறமும் ஒரே ஒரு வில்தகடு தாங்குகிறது. 90 குதிரைச் சக்திக்கு அது சாலும். சக்தி நான்கு மடங்கானால், சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது அச்சின் கூடு எதிர்ப்புறமாகத் திரும்ப முயல, அத்தகடு பாம்பைப்போல் நெளிகிறது. நெளிந்த தகடு மீளும்போது டயர் தரையை விட்டெழுந்து மீண்டும் மோதுகிறது. இவ்வாறு குதிக்கும் சக்கரம் வண்டியை முன்செலுத்துவதுமில்லை, நேர்வழியில் நிறுத்துவதுமில்லை. மேலும் அவ்வண்டிக்குத் தனிச் சட்டமில்லை. தகட்டுடலே சட்டமாக நிற்க, முன்பகுதி திருகாணிகளால் அதனோடு பிணைக்கப்பட்டுள்ளது. மிகுந்த முறுக்கு விசை பாயும்போது உடல் முழுதும் முறுகும். கதவுகள் பொருந்தாமற் போகும். ஆதலின் அச்சைக் கட்டுப்படுத்தும் தண்டுகளும், முன்னையும் பின்னையும் இணைக்கும் எஃகு விட்டங்களும், வலிய பின்னச்சும் அமைந்த பின்னரே பெரிய இயந்திரத்தைப் பற்றி எண்ணுதல் தகும்.

பிரேக்கின் செய்தி இன்னும் கடியது. ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஒப்ப வளரும் என்பதைப் பௌதிக வகுப்பில் கற்றிருக்கிறோம். மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் வண்டியை நிறுத்தப் பிரேக்கு ஏற்கும் வெப்பத்தைப்போல் நான்கு மடங்கை, அதே வண்டி 120 மைலில் செல்லும்போது ஏற்கவேண்டும். 1967ஆம் ஆண்டிற்கு முந்திய ஷெவி டூவிலோ நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்குகளே. அவற்றிற்குரிய எண்ணெய்க் குழாய்களும் ஒரே சுற்றாயமைந்தவை. ஓரிடத்தில் குழாய் ஒழுகினால் நான்கும் ஒருங்கே பயனற்றுப்போம். அந்நிலையில் 350 குதிரைகளைப் பூட்டுதல் கடிவாளமில்லாத் தேரில் ஏறுவதற்கு நிகரன்றோ?

நிறுத்தும் கருவிகள் பயன்படாமற்போனால் நேர்வதை 2008ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் நியூஜெர்சி மாகாணத்து எங்லிஷ்டவுன் தடத்தில் ஸ்காட் கலிட்டா என்னும் தேர்ந்த ஓட்டுநர், இயந்திரம் வெடித்து, பாராசூட்டுகளும் உதவாமல், தடத்தின் எல்லையைத் தாண்டிச் சென்று உயிர் துறந்தார். அதன் பின்னர்ச் சங்கத்தார் மிக வலிய இரு வகுப்புகளின் ஓட்டத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தனர். ஓடும் தூரத்தைக் குறைத்து நிற்கும் தூரத்தைக் கூட்டினர் என்க. அவ்வண்டி சிறு ஷெவி டூ அன்று. மிகப் பெரும் சக்தியுடையது. எனினும் பாடம் இரண்டிற்கும் ஒன்றே.

"சங்கத்தின் விதிகள் இருக்கின்றனவே, அவை போதாவோ?" என்பார் உளர். விதிகள் நல்லனவே. பழைய வண்டியொன்று கால் மைலை 11.49 விநாடியிலோ அதனினும் விரைந்தோ கடந்தால் ஓட்டுநர் தலைக்குமேல் எஃகுக் கம்பி வேண்டும், இன்னும் மிக விரைந்தால் முழுக் கூண்டே வேண்டும். மணிக்கு 150 மைலை எட்டினால் பாராசூட் வேண்டும். ஆனால் பரிசோதகர் நிற்பது தடத்தின் வாயிலில் மட்டுமே. அதே வண்டி மாலையில் பொதுச் சாலையில் செல்லும்போது அதனைச் சோதிப்பார் யார்? அங்கே எதிரில் வருவோர் பந்தயத்திற்கு இசைந்து வந்தவரல்லர்.

"இயந்திரம் முதலில் இருந்தாலன்றோ ஊக்கம் நிலைக்கும்?" என்பாரும் உளர். இத்தகைய வேலைகள் பாதியில் நின்றுபோவதும் உண்டென்பதை அவர்கள் எண்ணவில்லை. பணம் தீரலாம், காலம் வாயாதொழியலாம். பிரேக்கிலும் அச்சிலும் தொடங்கியவன் பாதியில் விடுவானாயின், முன்னிலும் உறுதியான ஒரு பழைய வண்டி அவனிடம் எஞ்சும். இயந்திரத்தில் தொடங்கியவன் பாதியில் விடுவானாயின், எஞ்சுவது வீட்டு வண்டியுமன்று, பந்தய வண்டியுமன்று. ஓட்டினால் ஆபத்து, விட்டால் துரு.

வாலிபர் இக்கலையை வெறுக்க வேண்டுமென்பது என் கருத்தன்று. கையால் உழைத்து, அளந்து, பொருத்தி, தவறு கண்டு திருத்தும் பயிற்சி எந்தப் பாடநூலுக்கும் இளைத்ததன்று. நான் வேண்டுவது வரிசை ஒன்றே. முதலில் நிற்கக் கற்க, பின்னர்த் தாங்கக் கற்க, அதன்பின் ஓடுக. அவ்வாறு ஓடுபவன் இரண்டாண்டு பிந்தித் தடத்திற்கு வரக்கூடும். ஆயினும் மறுநாளும் அவன் வருவான்.