நிற்பார்க்கு இருக்கை எங்கே?

துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை நின்றே பணியாற்றும் பெண்களின் கால் வீக்கத்தை எந்த முதலாளி எண்ணிப் பார்த்தான்? வாங்குவோர் வாராப் பொழுதிலும் அமர்ந்தால் கடுஞ்சொல். சுவரிற் சாய்ந்தால் கூலிப் பிடித்தம்! கோழிக்கோட்டுக் கடைப்பெண்கள் இதனை எதிர்த்து ஆண்டுக்கணக்கிற் போராடினர். 2018இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையும், 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தி, பணியிடையே வாய்க்கும் பொழுதில் அமர்தற்கென அனைவர்க்கும் இருக்கை தருதல் கட்டாயம் என்றது. ஆகவே, அமர்தல் முதலாளி காட்டும் இரக்கமன்று, தொழிலாளியின் உரிமை. இருக்கையை இட்டும் அமரவிடாத கடையில் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே! தொழிலாய்வாளர் கடைதோறும் சென்று காணல்வேண்டும். வாங்கச் செல்லும் தமிழரே, நீங்களும் வாய்திறந்து கேளுங்கள்: "இவர்க்கு இருக்கை எங்கே?"