தேய்பிறை நகரம்

மக்கள் தொகைக் கணக்கு என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்து, விடைத்தாளில் இறக்கி வைத்துவிட்டு மறந்துபோகும் எண்கள் அவை என்பதே நம் எண்ணம். ஆனால் ஒரு நகரத்தின் வாழ்வும் தாழ்வும் அந்த எண்களுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. அமெரிக்காவின் டெட்ராயிட் நகரம் இதற்கு நல்ல சான்றாகும்.

1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் டெட்ராயிட்டின் மக்கள் தொகை 2,85,704. பின்னர் மோட்டார்த் தொழில் அங்கே வேரூன்றியது. நாளொன்றுக்கு ஐந்து டாலர் ஊதியம் என்று 1914-இல் ஹென்றி ஃபோர்டு அறிவித்தார். ஐரோப்பாவிலிருந்தும், தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்தும் உழைப்பாளிகள் வந்து குவிந்தனர். 1930-இல் 15,68,662, 1950-இல் 18,49,568. நாட்டின் ஐந்தாவது பெரிய நகரமாக அது நிமிர்ந்து நின்றது.

அதன்பின் தொடங்கியது தேய்பிறை. 1960-இல் 16,70,144, 1980-இல் ஏறத்தாழ 12 லட்சம், 2000-இல் 9,51,270, 2020-இல் 6,39,111. எழுபது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் குறைந்துவிட்டனர்!

காரணம் என்ன? 1967-இல் 43 உயிர்களைப் பலிகொண்ட கலவரம் என்பர் சிலர். ஜப்பானியக் கார்களின் போட்டி என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் கணக்கேடு வேறொன்றையும் சொல்கிறது. 1950-க்கும் 1960-க்கும் இடையிலேயே 1,79,000 பேர் குறைந்துவிட்டனர். கலவரமும் ஜப்பானியப் போட்டியும் பின்னால் வந்தவை. அப்படியானால் அந்த மக்கள் எங்கே போனார்கள்?

அடுத்த பக்கத்தைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. நகரின் வடக்கு எல்லை 'எட்டு மைல் சாலை'. அதற்கு அப்பால் உள்ளவை ஓக்லண்ட், மக்கோம் என்னும் இரு மாவட்டங்கள். 1950-இல் 3,96,001 பேர் வாழ்ந்த ஓக்லண்டில் 2020-இல் 12,74,395 பேர். மக்கோமில் 1,84,961 என்பது 8,81,217 ஆயிற்று. ஆகவே, மக்கள் மாயமாகிவிடவில்லை. அவர்களுள் பலர் ஒரு சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள், அவ்வளவே!

"விரும்பிய இடத்தில் குடியேறுவது அவரவர் உரிமையன்றோ?" என்று நண்பர்கள் கேட்கலாம். உரிமைதான். ஆனால் அந்த உரிமை எல்லோருக்கும் இருந்ததா என்பதே என் கேள்வி. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கு வீட்டுக் கடன் உத்தரவாதம் தர மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகம் மறுத்துவந்தது. 1941-இல் எட்டு மைல் சாலையருகே, கறுப்பினத்தார் குடியிருப்பைப் பிரித்துக் காட்டினால்தான் அந்த உத்தரவாதம் கிட்டும் என்பதற்காக ஒரு கட்டட முதலாளி ஆறடி உயரச் சுவரே எழுப்பினார். அச்சுவரின் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. இதனால் வெள்ளையர் வெளியேறினர். வெளியேற வழியற்றவர் தங்கினர். 1950-இல் நகர மக்களில் ஏறத்தாழ 16 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தார் 2000-இல் 81 விழுக்காட்டையும் தாண்டினர். பின்னர் கதவு திறந்தபோது அவர்களும் போகத் தொடங்கினர். 2000-க்கும் 2010-க்கும் இடையில் நகரம் இழந்தவர்களுள் பெரும்பாலோர் கறுப்பின மக்களே.

ஆள் போனால் வரியும் போகும். ஆனால் 139 சதுர மைல் பரப்பு சுருங்குமா? பதினெட்டு லட்சம் பேருக்குப் போட்ட குடிநீர்க் குழாய்களையும் தெருவிளக்குகளையும் ஆறேழு லட்சம் பேர் பராமரிக்க வேண்டியதாயிற்று. 2013-இல் ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடனுடன் நகரம் திவால் மனு கொடுத்தது. வாழ்நாளெல்லாம் நகராட்சிக்கு உழைத்து ஓய்ந்த பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 விழுக்காடு வெட்டப்பட்டது. எல்லைக்கு அப்பால் குடியேறியோரின் செல்வத்தில் பெரும்பகுதி இந்தச் சுமையைக் குறைக்க உதவவில்லை. கோடு கிழித்தாயிற்று, அவரவர் பாடு அவரவர்க்கு!

டெட்ராயிட் தானாக அழியவில்லை. ஒரே ஊராக வாழ்ந்திருக்க வேண்டியவர்கள் இரண்டாகப் பிரிந்ததால் நலிந்தது என்பதே என் கருத்து. ஊர் கூடினால்தான் தேர் நகரும். வலுவுள்ளவர்கள் வடத்தை விட்டுவிட்டுப் போனால், எஞ்சிய ஏழைகளைச் சோம்பேறிகள் என்று பழிப்பது எவ்வகையில் நியாயம்?

2024-இல் வெளியான அரசு மதிப்பீடு, 1957-க்குப் பின் முதன்முறையாக டெட்ராயிட்டின் மக்கள் தொகை சற்றே உயர்ந்ததாகக் கூறியது. வளர்பிறை தொடங்கிவிட்டது என்று இப்போதே முடிவு கட்டுவது அவசரம். எனினும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஓர் ஊர் தேய்ந்தது என்று கணக்கு சொல்லும்போது, அந்த எண்ணோடு நின்றுவிடாமல் எல்லைக்கு அப்பால் வளர்ந்த ஊரையும் பார்ப்போம். போக முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்று கேட்போம். அப்போதுதான் வறண்ட எண்களுக்குப் பின்னே நிற்கும் மனிதர்கள் நம் கண்ணுக்குத் தெரிவார்கள்.