கண்ணாடி மட்டும் போதும்!

உள்ளங்கை அகலக் கண்ணாடி உடைந்துவிட்டது. கண்ணாடியைத்தானே மாற்ற வேண்டும்? இல்லையாம். ‘செட்’டாக மாற்ற வேண்டுமாம். இந்த அநியாயத்தை நாமும் தலையாட்டிக்கொண்டே கேட்டு, கார்டைத் தேய்த்துவிட்டு வருகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பிரீமியர் பத்மினி நிற்கிறது. ரிட்டயர்டு வாத்தியாருடைய வண்டி. டிரைவர் பக்கக் கதவில் வட்டமான குரோம் கிண்ணம், அதற்குள் கண்ணாடி. தெருப் பசங்களின் கிரிக்கெட் பந்து பட்டுக் கண்ணாடி நாலாக விரிந்துவிட்டது. கிண்ணத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஏசி போட்ட ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். டை கட்டிய தம்பி சொன்ன பதில்: “கிளாஸ் தனியா வராது சார். இந்த மாடலுக்கு செட்டே வராது. பேசாம வண்டியைக் கொடுத்துட்டுப் புதுசு பாருங்களேன். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஓடுது!”

கண்ணாடி உடைந்ததற்கு வண்டியையே தலைமுழுகச் சொல்கிறார்கள்!

வாத்தியார் அசரவில்லை. சாமி படத்துக்கு ஃபிரேம் போடும் கடைக்குப் போனார். பேப்பரில் வட்டம் வரைந்து கொடுத்தார். கடைக்காரர் கட்டரால் கீறி, ஓரத்தை உரசிக் கொடுத்தார். 150 ரூபாய், இருபது நிமிஷம். சுற்றியிருந்த ரப்பரை நெம்பி, சில்லு கையில் குத்தாமல் டேப் ஒட்டி எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, புதுசை உட்கார வைத்தார்கள். இதில் என்ன கம்பசூத்திரம்?

“கண்ட கடையில் கண்ணாடி வெட்டி மாட்டினால் ஆபத்து சார்” என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. வாத்தியாருடையது தட்டைக் கண்ணாடி. பல கார்களில் இருப்பது வெளியே லேசாகப் புடைத்த கண்ணாடி. ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். ஆடினால் புடைப்பு. அதில் அதிக தூரம் பக்கவாட்டில் தெரியும். ஆனால் பின்னால் வரும் லாரி சின்னதாக, தள்ளி வருவதுபோலத் தோன்றும். ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்றை மாட்டினால் தூரக் கணக்கு தப்பும். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தப் புடைப்பின் அளவைச் சொல்லிக் கண்ணாடியைத் தனியாக விற்க வேண்டியது யார்? செய்தவர்தானே? விற்கவும் மாட்டேன், அளவும் சொல்ல மாட்டேன், வெளியில் வாங்கினால் ஆபத்து என்றால் எப்படி?

இந்த வியாதி பழைய வண்டியோடு நிற்கவில்லை. புதுக் காரில் அந்தக் கிண்ணத்துக்குள் மோட்டார், இண்டிகேட்டர் எல்லாம் இருக்கின்றன. கண்ணாடி போனால் நல்ல மோட்டாரும் சேர்ந்து போகிறது. உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் வக்கீல் வைத்து வழக்காடப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘பழுது பார்க்கும் உரிமை’ என்று ஓர் இணையதளம் திறந்தது. தளம் வந்தது, சட்டம் வரவில்லை.

மாறாக, பழசை வைத்திருப்பவனுக்குத்தான் தண்டனை. 15 வருஷம் தாண்டிய காரின் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. புகைக்காக என்றால் புகையை அளந்து வாங்கட்டும். வயதை அளந்து வாங்குவது என்ன நியாயம்?

நான் படித்தது பி.காம். அங்கே தேய்மானம் என்று ஒரு பாடம். வருஷம் 15 சதவிகிதம் கழித்துக்கொண்டே வந்தால், ஒரு லட்ச ரூபாய் வண்டி 20 வருஷம் கழித்தும் ஏட்டில் 3,876 ரூபாயாக நிற்கும். அந்த முறையில் எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்யம் வராது! கணக்கு வாத்தியார் கொடுக்கும் மரியாதையைக்கூட ஷோரூம்காரர் கொடுப்பதில்லை.

பழைய கார் பிரியர்களிடமும் ஒரு வார்த்தை. “ஒரிஜினல் முத்திரை இருக்கிற கண்ணாடிதான் வேணும்” என்று மாசக்கணக்கில் தேடிக்கொண்டு, அதுவரை உடைந்த கண்ணாடியோடு அண்ணா சாலையில் ஓட்டுகிறீர்களே, பின்னால் வருகிற டூ வீலர்காரனுக்கு உங்கள் ஒரிஜினல் பெருமை தெரியுமா? அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுபோனது. முத்திரைக் கண்ணாடி கிடைக்கும்போது கிடைக்கட்டும். அதுவரை வெட்டிய கண்ணாடியை மாட்டுங்கள். ஒட்டும்போது புளித்த காடி வாசம் அடிக்கிற சிலிகான் வேண்டாம்; அதிலிருக்கும் அமிலம் பின்பக்க வெள்ளிப் பூச்சை அரித்துக் கறுப்புப் புள்ளியாக்கிவிடும். ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்குங்கள்.

புதுக் கார்க்காரர்களே, அடுத்த முறை பில்லில் ‘செட்’ என்று எழுதினால், கழற்றிய பழைய செட் எங்கே என்று கேளுங்கள். அது உங்கள் காசில் வாங்கிய பொருள். கையில் வாங்கிக்கொண்டு, அந்த நல்ல மோட்டாரைக் காட்டி, “இதுல என்ன கெட்டுப்போச்சு, சொல்லுங்க” என்று நாலு பேர் எதிரில் கேளுங்கள்.