பால்டிமோர் பாலம்: சதியுமில்லை, வெறும் விபத்துமில்லை

2024 மார்ச் 26 அதிகாலை 1.29 மணி. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட 'டாலி' என்ற கொள்கலன் கப்பல், பிரான்சிஸ் ஸ்கொட் கீ பாலத்தின் தூணில் மோதியது. சில விநாடிகளில் பாலம் சீட்டுக்கட்டு போலச் சரிந்து பட்டாப்ஸ்கோ ஆற்றில் விழுந்தது. அந்த நேரத்தில் பாலத்தின் மேல் நின்று வீதிக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களில் ஆறு பேர் இறந்துபோனார்கள்.

விடியும் முன்பே தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. "இது விபத்தில்லை, தாக்குதல்", "கப்பலின் கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள்", "தூணைப் பார்த்துத்தான் திருப்பியிருக்கிறார்கள்" என்று உலகம் முழுக்கக் காணொளிகள் பறந்தன. எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களும் சும்மா இருக்கவில்லை. "அண்ணை, உது தற்செயலா நடந்ததெண்டு நீங்கள் நம்புறியளோ?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். இன்றைக்கும் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியை நான் நக்கலடிக்க மாட்டேன். அரசாங்கம் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்பதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் இல்லை. விசாரணைக் கமிஷன்கள் எத்தனை வந்தன, எத்தனை அறிக்கைகள் அலமாரிக்குள் போயின என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் சந்தேகப்படுவது வேறு, சாட்சியத்தைப் பார்க்காமல் முடிவுக்கு வருவது வேறு. ஆகவே சாட்சியத்தைப் பார்ப்போம்.

சதி என்பவர்களின் முதல் ஆதாரம், காணொளியில் கப்பலின் விளக்குகள் அணைந்து, எரிந்து, திரும்ப அணைவது. வெளியிலிருந்து யாரோ இயக்கியதுபோலத்தான் அது தெரிகிறது. அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இருபது மாதம் விசாரித்து, 2025 நவம்பர் 18 அன்று காரணத்தை அறிவித்தது. ஒரு வயர். அந்த வயரின் நுனியில் பெயர்ச்சீட்டு தவறாகப் பொருத்தப்பட்டிருந்ததால், அது இணைப்புக்குள் முழுதாகப் போகவில்லை. இணைப்பு தளர்ந்ததும் பிரேக்கர் ஒன்று தானாகத் திறந்துகொண்டது. விளக்கு, சுக்கான் பம்பி, இயந்திரத்தைக் குளிர்விக்கும் பம்பி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. குளிர்விக்கும் நீர் இல்லாமல் பிரதான இயந்திரமும் நின்றது.

மாலுமிகள் ஒரு நிமிடத்துக்குள் மின்சாரத்தை மீட்டார்கள். ஆனால் மின்பிறப்பாக்கிகளுக்கு எரிபொருள் அனுப்பிக்கொண்டிருந்தது, அந்த வேலைக்கென்று இல்லாத ஒரு பம்பி. குழாய்களைக் கழுவுவதற்கான பம்பி அது. மின்சாரம் போய் வந்தால் அது தானாகத் திரும்ப இயங்காது. எரிபொருள் போகவில்லை, இரண்டாம் தடவையும் இருட்டு. காணொளியில் நாங்கள் பார்த்த மர்மம் இவ்வளவும்தான்.

இரண்டாவது ஆதாரம், கப்பல் தூணை நோக்கித் திரும்பியது. முதல் தடவை மின்சாரம் போனபோது பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. முந்நூறு மீற்றர் நீளம், ஒரு லட்சம் தொன்னுக்கு மேல் எடை. இயந்திரம் நின்றுவிட்டால் அப்படியான கப்பலில் சுக்கானைத் திருப்பியும் பெரிதாகப் பலன் இல்லை. சுழலியிலிருந்து வரும் நீரோட்டம்தான் சுக்கானுக்குப் பிடி கொடுப்பது. பிறேக் பிடித்து நிறுத்த அது கார் இல்லை. நங்கூரத்தையும் போட்டுப் பார்த்தார்கள். நாலு நிமிடம் போதவில்லை.

மூன்றாவதாக, சதி என்பவர்கள் கதைக்காத ஒரு விடயம். ஆபத்து என்று முதலில் அறிவித்ததே அந்தக் கப்பலில் இருந்த துறைமுக வழிகாட்டிகள்தான். அந்த அறிவிப்பால்தான் பொலிஸார் இரண்டு பக்கமும் வாகனங்களை மறித்தார்கள். பாலத்தை உடைக்க வந்தவன் எதற்கு, "பாலத்தை மூடுங்கள்" என்று கத்துகிறான்?

"அப்ப ஏன் இவ்வளவு நாள் இழுத்தடிச்சவை?" என்பது அடுத்த கேள்வி. ஆயிரக்கணக்கான வயர்கள் ஓடுகிற கப்பலில் தளர்ந்த ஒன்றைத் தேடியதை, ஈஃபில் கோபுரத்தில் கழன்ற ஒரு ஆணியைத் தேடுவதோடு ஒப்பிட்டார் சபையின் தலைவி ஜெனிபர் ஹோமெண்டி. தாமதம் எல்லாமே மூடிமறைப்பு ஆகாது.

ஆக, சதி இல்லை. சரி, அப்ப விபத்துத்தானே என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடலாமா? என்னால் முடியாது. என் வாதமே இங்கேதான் தொடங்குகிறது.

புறப்படுவதற்கு முந்திய நாள், துறைமுகத்தில் நிற்கும்போதே அந்தக் கப்பலில் இரண்டு தடவை மின்சாரம் போயிருந்தது. அந்தக் கோளாறுகளின் காரணம் வேறுதான். என்றாலும், பத்து மணித்தியாலத்துக்குள் இரண்டு தடவை இருண்ட கப்பல், அடுத்த இரவே நகரத்துப் பாலத்தின் கீழ் போகப் புறப்பட்டது.

பாலத்தின் கதை இதைவிட மோசம். 1977இல் திறந்த பாலம் அது. 1980இலேயே ஒரு கப்பல் அதன் தூணில் மோதியிருக்கிறது. பெரிய சேதம் இல்லை. அதே ஆண்டு மே மாதம் புளோரிடாவின் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் கப்பல் மோதி 35 பேர் இறந்தார்கள். அங்கே புதுப் பாலம் கட்டியபோது தூண்களைச் சுற்றிப் பெரிய தடுப்புகள் போட்டார்கள். பால்டிமோரில் கப்பல்கள் வருடா வருடம் பெருத்துக்கொண்டு போயின. தூணுக்கான பாதுகாப்பு அப்படியே கிடந்தது. முக்கியமான பாலங்களுக்கு ஏற்கத்தக்க ஆபத்து என்று ஒரு அளவு இருக்கிறது. கீ பாலத்தின் ஆபத்து அதைவிடக் கிட்டத்தட்ட 30 மடங்கு என்று 2025 மார்ச்சில் அதே சபை கணக்கிட்டுச் சொன்னது. கணக்கிடும் முறை பல வருடங்களாக இருக்கிறது. மேரிலாந்து மாநிலம் அதைச் செய்து பார்க்கவில்லை.

இதற்கு 'விபத்து' என்ற சொல் போதுமா? தமிழில் 'அலட்சியம்' என்றொரு நல்ல சொல் இருக்கிறது. அதை நாங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பேச மட்டும் வைத்திருக்கிறோம்.

சதிக் கதைகளில் எனக்குள்ள பெரிய கோபமும் இதுதான். அந்தக் கதைகளால் இலாபம் அடைவது, நாங்கள் சந்தேகப்படுகிற அதே பெரிய இடங்கள்தான். கண்ணுக்குத் தெரியாத எதிரியைத் தேடிக்கொண்டு நாங்கள் ஓடும்போது, பராமரிப்புச் செலவைக் குறைத்தது யார், பாலத்துக்குத் தடுப்புப் போடாதது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. பாலம் விழுந்து ஒரு வாரத்துக்குள் கப்பலின் உரிமையாளரும் நிர்வாக நிறுவனமும் நீதிமன்றம் போய், தங்கள் பொறுப்பைச் சுமார் 43.7 மில்லியன் டொலருக்குள் மட்டுப்படுத்தச் சொல்லிக் கேட்டார்கள். 1851ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்கு இடம் கொடுக்கிறது. டைட்டானிக் முதலாளிகளும் அதைத்தான் நாடினார்கள். பிறகு அமெரிக்க அரசு வழக்குப் போட்டு, துப்புரவுச் செலவுக்காக ஏறக்குறைய 102 மில்லியன் வாங்கியது. புதுப் பாலத்துக்கு இப்போதைய மதிப்பீடு 4.3 முதல் 5.2 பில்லியன் டொலர். முடிய 2030 ஆகும். மிச்சத்தை யார் கட்டுவது? இதுதான் நாங்கள் பகிர வேண்டிய கேள்வி.

இன்னொன்று. கப்பலில் இருந்த 21 மாலுமிகளில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். சதி என்று கதைத்த அதே நாட்களில், இவர்களைக் கோவணம் கட்டிய மடையர்களாகக் காட்டி ஒரு கேலிச் சித்திரம் உலகம் சுற்றியது. கைத்தொலைபேசிகளை விசாரணைக்காரர் எடுத்துக்கொண்டு போக, இடிந்த பாலத்தின் இரும்பு கப்பலின் தலையில் கிடக்க, வாரக்கணக்கில் அவர்கள் அதற்குள்ளேயே இருந்தார்கள். அந்த இரும்பை வெடிவைத்து அகற்றியபோதும் அவர்கள் கப்பலில்தான். "தூணைப் பார்த்துத் திருப்பினவங்கள்" என்று நாங்கள் ஒரு காணொளியைத் தட்டிவிடும்போது, கொலைகாரர் என்று சொல்வது இந்த மனிதர்களைத்தான்.

இறந்த ஆறு பேரும் மெக்சிக்கோ, குவாத்தமாலா, ஹொண்டூரஸ், எல்சால்வடோர் நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊர் நித்திரை கொள்ளும் நேரத்தில் வேலை செய்தவர்கள். இரவு வேலை, யாரும் விரும்பாத வேலை, வந்த நாட்டில் முதல் வேலை என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வாகனங்களை மறிக்கும் அளவுக்கு நேரம் இருந்தது. மேலே நின்றவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர ஒரு வழி இருக்கவில்லை. அதையும் யாரும் சதி செய்து இல்லாமல் ஆக்கவில்லை. அவர்களைப் பற்றி யோசித்து ஒரு வழியை முன்கூட்டியே யாரும் ஏற்படுத்தி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கீ பாலத்தைப் போல ஆபத்துக் கணக்குப் பார்க்காத 68 பாலங்கள் அமெரிக்காவின் 19 மாநிலங்களில் இருக்கின்றன என்று அந்தச் சபை பட்டியல் போட்டது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட், நியூயோர்க்கின் புரூக்ளின் பாலம் எல்லாம் அதில் உண்டு. எங்கள் சொந்தக்காரர்கள் தினம் வேலைக்குப் போய்வருகிற பாலங்களும் அதில் இருக்கலாம். அமெரிக்காவில் இருப்பவர்கள் அந்தப் பட்டியலைத் தேடிப் பாருங்கள். உங்கள் பாலம் அதில் இருந்தால், கணக்குப் பார்த்தாயிற்றா என்று உங்கள் பகுதிப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் போடுங்கள். காணொளியைப் பகிர்வதைவிட அதற்குக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். பரவாயில்லை, எடுக்கட்டும்.