மாடியில ரெண்டு அடி செடி, சட்டத்துல பத்து வருஷம்: இந்த சைடு இன்கம் வேணாம்

போன மாசம் சைடு இன்கம் பத்தி வீடியோ போட்டதுல இருந்து மெயில் குவியுது. பாதி பேர் யூடியூப் சேனல் ஆரம்பிக்கலாமான்னு கேக்குறாங்க, மீதிப் பேர் ட்ரேடிங். ஒரு மெயில் மட்டும் வேற மாதிரி. லாஸ்பேட்டையில மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்கற ஒரு தம்பி. சம்பளம் 30,000. அவர் எழுதினதோட சாரம்: "அண்ணா, குட்டை ரக கஞ்சா விதை ஒண்ணு வெளிநாட்டு சைட்ல பார்த்தேன். ரெண்டு அடிதான் வளருமாம். கடல் காத்துக்கு சாயாதாம். எழுபது எழுபத்தஞ்சு நாள்ல அறுவடையாம். நம்ம பாண்டிதானே, யாரு கண்டுக்கப் போறா?"

அவரைத் திட்டி பதில் போடலாம்னு உக்காந்தேன். அப்புறம் யோசிச்சா, இதே கேள்வி மனசுல இருந்தும் கேக்காதவங்க நிறைய பேர் இருப்பீங்க. அதனால திட்டாம கணக்கு போடலாம்.

முதல்ல அந்த விதையை விக்கறவங்க கதை. சூரிய வெளிச்சத்தோட நீளத்தைப் பார்க்காம, வயசு வந்ததும் தானா பூக்கற ரகம் இது. அந்தக் குணம் வந்தது ரூடராலிஸ்னு ஒரு காட்டு வகையில இருந்து. 1924-ல ரஷ்யாவுல ஒரு தாவரவியல் அறிஞர் அதுக்குப் பேர் வெச்சார். கோடைகாலம் சட்டுனு முடிஞ்சு பனி வந்துடற ஊர்களுக்காக இந்தக் குணத்தைச் சேர்த்து ரகம் உருவாக்கி விக்கறாங்க. நம்ம ஊர்ல வருஷத்துலயே குட்டையான பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம், நீளமான பகல் பதிமூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. பனியும் கிடையாது. நமக்கு இல்லாத பிரச்சினைக்கு டாலர்ல தீர்வு விக்கறாங்க. காத்துக்குத் தாங்கும்னு சொல்றது இன்னும் தமாஷ். 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் அடிச்சப்போ வேரோட சாய்ஞ்ச மரங்களை நாம பார்த்திருக்கோம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் கரை கடந்து, ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினப்போ மொட்டை மாடித் தொட்டியெல்லாம் எங்க போச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். செடி குட்டையா இருக்கறதால குத்தமும் குட்டையா இருக்கும்னு தம்பி நினைக்கறார். இங்கதான் பெரிய ஓட்டை.

1985-ல வந்த என்.டி.பி.எஸ். சட்டத்துல ஒரு கிலோ வரைக்கும் கஞ்சா "சிறிய அளவு". அதோட பிடிபட்டா அதிகபட்சம் ஒரு வருஷம் ஜெயில், இல்லேன்னா 10,000 ரூபா அபராதம், இல்லேன்னா ரெண்டும். பல பேருக்கு இது தெரியும், அந்த தைரியத்துலதான் பேசறாங்க. ஆனா செடி வளர்க்கறதுக்கு அதே 20-வது பிரிவுல தனி வரி இருக்கு. அதுல சிறிய அளவு, பெரிய அளவுங்கற பேச்சே இல்லை. கடுங்காவல் பத்து வருஷம் வரை, அபராதம் ஒரு லட்சம் வரை. ஒரு தொட்டியா நூறு தொட்டியான்னு கோர்ட் தண்டனை முடிவு பண்றப்போ பார்க்கலாம். ஆனா வழக்கு பதிவாகறது ஒரே பிரிவுலதான். பாக்கெட்ல அரைக் கிலோ வெச்சிருக்கறவனை விட, பால்கனியில ஒரு செடி வெச்சிருக்கறவனுக்குக் காகிதத்துல பெரிய தண்டனை! இது நியாயமில்லைன்னுதான் நான் நினைக்கறேன். கனடாவுல 2018-ல இருந்து பெரும்பாலான மாகாணங்கள்ல வீட்டுக்கு நாலு செடி வெச்சுக்கலாம், ஜெர்மனியில 2024 ஏப்ரல்ல இருந்து ஆளுக்கு மூணு. நம்ம நாட்லயும் இந்த விவாதம் நடக்கணும். ஆனா அந்த விவாதத்துக்கு உங்க சம்பள ஸ்லிப்பை பலி கொடுக்க வேணாம்.

"விதை கஞ்சா இல்லைன்னு சட்டமே சொல்லுதே அண்ணா"ன்னும் எழுதியிருந்தார். கஞ்சாங்கற வரையறையில விதை தனியா வராதுதான். மண்ணுல போட்ட நிமிஷம் அது விதை இல்லை, சாகுபடி. உத்தராகண்ட் 2018-ல ஹெம்ப் வளர்க்க லைசென்ஸ் கொடுக்க ஆரம்பிச்சது உண்மை. ஆனா அது நாருக்கும் விதைக்கும், போதை தர்ற டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள்ள இருக்கற ரகத்துக்கு. மொட்டை மாடிக்கு இல்லை.

அடுத்து "நம்ம பாண்டிதானே". இந்த நினைப்பு எங்க இருந்து வருதுன்னு எனக்குப் புரியுது. மது விஷயத்துல புதுச்சேரி தனக்குன்னு வரியும் விதியும் வெச்சிருக்கு, விலை கம்மி, வீக்எண்டுக்கு சென்னையே இங்க வந்து இறங்குது. ரெனோன்சான் குடும்பங்களுக்கு வாரிசுரிமையில பிரெஞ்சு சிவில் சட்டம் இன்னும் பேசப்படுது. ஆனா 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கை மாறின ஊர் இது. போதைப்பொருள் சட்டம் டெல்லியில போட்டது. கோரிமேடு தாண்டினாலும் தாண்டாட்டியும் ஒரே சட்டம்தான்.

அந்த வீட்டு ஓனர் அம்மாவை நினைச்சாதான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. 25-வது பிரிவுப்படி, தெரிஞ்சே தன் வீட்டுல இதுக்கு இடம் கொடுத்தவங்களுக்கும் அதே தண்டனை. "தக்காளிச் செடி"ன்னு சொல்லி வெச்சிருந்தா, தனக்குத் தெரியாதுன்னு அவங்க போலீஸ்கிட்ட விளக்கணும். ரூம்மேட்டும் விளக்கணும். பார்சலை வாங்கி வெச்ச பாவத்துக்கு உங்க அம்மாவும் விளக்க வேண்டி வரலாம்.

இப்ப காசுக் கணக்கு. தம்பி மாசம் 5,000 எஸ்.ஐ.பி. போடறாராம். 25 வருஷம், வருஷத்துக்கு 12 சதவீதம்னு வெச்சுக்குவோம் (கேரண்டி இல்லை, கணக்குக்காக). கடைசியில சுமார் 95 லட்சம். கேஸ், வக்கீல், வேலை போனதுன்னு மூணு வருஷம் தள்ளி ஆரம்பிச்சா 22 வருஷத்துல சுமார் 65 லட்சம். போடாம விட்டது வெறும் 1,80,000. போனது 30 லட்சம். இதுல வக்கீல் ஃபீஸ் சேர்க்கலை. கேஸ் கோர்ட்ல நிலுவையில இருந்தா பாஸ்போர்ட்டை மறுக்க சட்டத்துல இடம் இருக்கு, அதுக்கு கோர்ட் அனுமதி கேட்டு நிக்கணும். கம்பெனி மாறும்போது பேக்ரவுண்ட் செக்ல இந்த கேஸ் வந்து நிக்கும். ஆன்சைட் கனவு இருக்கறவங்க, அமெரிக்க விசாவுல போதைக் குற்றம் எவ்வளவு பெரிய தடைன்னு தேடிப் பாருங்க.

சட்டபூர்வமா ஆனா மட்டும் லாபமா? தாய்லாந்து 2022 ஜூன்ல தடையை எடுத்தது, தெருவுக்குத் தெரு கடை வந்தது. 2025 ஜூன்ல மருந்துச் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு திருப்பிட்டாங்க. கனடாவோட டில்ரே பங்கு 2018 செப்டம்பர்ல 300 டாலரைத் தொட்டது. 2025-ல ஒரு டாலருக்குக் கீழ வந்துச்சு. எல்லாரும் வளர்க்க ஆரம்பிச்சா விலை விழும். வெங்காய விவசாயிக்கு இது ரொம்ப நாளா தெரியும்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்தது. விதை ஆர்டர் பண்ணலையாம். ஆனா அவசரப்பட்டு ஆறு க்ரோ பேக்கும் ஒரு மூட்டை தென்னை நார்க் கழிவும் வாங்கிட்டாராம், என்ன பண்றதுன்னு கேட்டார். கைப்பிடிச் சுவர் ஓரமா, காத்து நேரா அடிக்காத பக்கம் வெச்சு சிறுகீரை விதைக்கச் சொன்னேன். அதுவும் குட்டைதான், இருபத்தஞ்சு நாள்ல பறிக்கலாம். வருமானம் எதுவும் வராது. மாசம் ஒரு இருநூறு ரூபா கீரைச் செலவு மிச்சமாகும், ஓனர் அம்மாவுக்கும் ஒரு கட்டு கொடுக்கலாம்.